ஆலோசனை அவையில் ஆசிரியருக்கு இடமெங்கே?

சிறிய நாடு பெரிய கனவு காண்பதில் குற்றம் ஏதுமில்லை. மலேசியாவும் சிங்கப்பூரும் உலகத் தொழில்நுட்பச் சந்தையில் விலை சொல்லும் இடத்தில் பிறந்தவை அல்ல. பிறர் சொன்ன விலையைக் கேட்டுப் பேரம் பேசியே வளர்ந்தவை. ஆகவே, வெளியுலகின் போக்கை அறிந்தவர்களை அழைத்து, அவை கூட்டி, அறிவுரை கேட்பது அறிவுடைமையே ஆகும். அதனை நான் எதிர்க்கவில்லை. நான் எதிர்ப்பது வேறு. அறிவுரை கேட்பதற்கென்று கூட்டப்படும் அவை, நாளடைவில் நாட்டின் ஆசை எது என்பதையே முடிவு செய்யத் தொடங்கிவிடுகிறது. எந்த வழியில் போகலாம் என்று கேட்கப் போனவர், எந்த ஊருக்குப் போவது என்பதையும் வழிகாட்டியிடமே விட்டுவிட்டுத் திரும்புகிறார். அந்த வழிகாட்டி வண்டி விற்பவராகவும் இருந்துவிட்டால் பயணம் எப்படி அமையும் என்பதை ஆசிரியப் பெருமக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

நம் நாட்டு வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 2020 தொலைநோக்கு என்பதனை நம் மாணவர்கள் கட்டுரையாகவும் பேச்சாகவும் மனப்பாடம் செய்து ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. அதனைப் பிரதமர் டாக்டர் மகாதீர் முதன்முதலில் முன்வைத்தது 1991 பிப்ரவரியில், மலேசிய வணிக மன்றத்தின் தொடக்கக் கூட்டத்தில். ஒரு நாட்டின் முப்பதாண்டுக் கனவு வணிகர் அவையில் முதலில் ஒலித்தது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, குறிப்பாகச் சொல்கிறேன். பின்னர் 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் அறிவிக்கப்பட்டது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்திலிருந்து சிப்பாங் விமான நிலையம் வரை, 15 கிலோமீட்டர் அகலமும் 50 கிலோமீட்டர் நீளமும் கொண்ட நிலப்பரப்பு அதற்கென ஒதுக்கப்பட்டது. செம்பனையும் ரப்பரும் நின்ற மண்ணில் சைபர்ஜெயா எழுந்தது. அந்தத் தோட்டங்களில் வாழ்ந்தவர் யார் என்பதை நம்மவர்க்கு நினைவூட்டத் தேவையில்லை.

அத்திட்டத்திற்கென அனைத்துலக ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் முதற்கூட்டம் 1997 ஜனவரியில் நடந்தது. எங்கே? கோலாலம்பூரிலா? சைபர்ஜெயாவிலா? இல்லை; அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில். உறுப்பினர் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பில் கேட்ஸ் இருந்தார். ஜப்பானியச் சிந்தனையாளர் கெனிச்சி ஓமாயே இருந்தார். கணினி, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தலைவர்கள் பலர் இருந்தனர். அவர்தம் அறிவாற்றலை யாரே மறுப்பர்? ஆயினும் அவர்களுட் பெரும்பாலோர் எதனைச் செய்து விற்கிறார்களோ, அதனை வாங்கலாமா என்பதே அந்த அவையின் முன் இருந்த வினா. மீன்காரரிடம், இன்று வீட்டில் மீன் சமைக்கலாமா என்று கேட்பதைப் போன்றது அது. அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை. உண்மையாகவே மீன் நல்லது என்றுதான் சொல்வார்.

அத்திட்டத்தால் நன்மையே விளையவில்லை என்று கூறுவது நடுநிலை ஆகாது. பல்லூடகப் பல்கலைக்கழகம் அதன் வழி வளர்ந்தது. நம் சட்டைப்பையில் உள்ள மைகாட் அட்டை, அத்திட்டத்தின் முதன்மைப் பயன்பாடுகள் ஏழனுள் ஒன்றாகத் தோன்றி, 2001இல் நடைமுறைக்கு வந்தது. 2022இல் அத்திட்டம் மலேசியா டிஜிட்டல் என்று பெயர் மாறிப் புதுவடிவம் பெற்றது. இவையெல்லாம் கணக்கில் வரவு. செலவுப் பக்கத்தில் நிற்பது பள்ளிக்கூடம்.

அந்த ஏழு பயன்பாடுகளுள் விவேகப் பள்ளித் திட்டமும் ஒன்று. 1997இல் அதன் கருத்துரு ஆவணத்தைக் கல்வி அமைச்சின் அதிகாரிகளும் தொழில்துறையினரும் சேர்ந்து வரைந்தனர். படித்துப் பார்த்தால் கல்வியியல் நோக்கில் குறை சொல்ல முடியாது. மாணவன் தன் வேகத்தில் கற்க வேண்டும். மனனத்தைவிடச் சிந்தனைக்கு முதன்மை வேண்டும். ஆசிரியர் அறிவைத் திணிப்பவராக இராமல் வழித்துணையாக இருத்தல் வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் கற்றதும் இதுவே. 2010க்குள் நாட்டின் எல்லாப் பள்ளிகளும் விவேகப் பள்ளிகளாகும் என்று அது நாள் குறித்தது. 1999இல் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில் ஏறத்தாழத் தொண்ணூறு பள்ளிகள் இடம்பெற்றன. அவை பெரும்பாலும் இடைநிலைப் பள்ளிகள். பாடமென்பொருள் தயாரிக்கப்பட்ட பாடங்கள் நான்கு: மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல்.

நான்கு பாடங்கள். அவற்றுள் தமிழ் இல்லை, சீனமும் இல்லை.

இதனை இனப் பாகுபாடு என்று உடனே முத்திரை குத்த நான் முன்வரவில்லை. நடந்ததை நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு திட்டம் பிறக்கும் அவையில் எவருடைய குரல் ஒலிக்கவில்லையோ, அவருடைய தேவை அத்திட்டத்தில் இடம்பெறாது. பகை இருக்க வேண்டிய அவசியமே இல்லை, மறதி போதும். ஸ்டான்ஃபோர்டில் கூடியவர்களுக்கு, நம் நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு என்பதும், அவற்றுட் பல 150 மாணவர்க்கும் குறைவானவை என்பதும், அங்கே ஒன்றாம் ஆண்டுக் குழந்தை முதலில் சந்திக்கும் எழுத்து அகரம் என்பதும் எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவர் அங்கில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அந்த வரிசையில் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. எதிர்பார்க்காததுதான் நோயின் வேர்.

2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. தகவல் யுகத்தின் மொழி ஆங்கிலமே என்ற வாதம் அதற்கு அடித்தளம். அந்த வாதம் எந்தச் சூழலில் ஓங்கியது என்பதைப் பெருவழித் திட்டத்தின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும் எல்.சி.டி. படவீழ்த்திகளும் வந்து இறங்கின. அக்காலத்தில் நான் பணியாற்றிய தோட்டப்புறப் பள்ளியில் மின்கம்பிகள் பழையவை. படவீழ்த்தியும் மின்விசிறிகளும் ஒருசேர ஓடினால் மின்சாரம் துண்டித்துவிடும். பிள்ளைகள் வியர்வை வழியப் படம் பார்ப்பதா, காற்றோட்டத்தில் கரும்பலகை பார்ப்பதா என்பதை ஆசிரியை நாள்தோறும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பெரும்பாலான நாள்களில் அவர் கரும்பலகையையே தேர்ந்தார். நானும் அவரிடம் காரணம் கேட்டதில்லை. எத்தனை பள்ளிகளில் மின்கம்பி மாற்ற வேண்டியிருக்கும் என்ற ஒரு சிறு வினாவைத் தலைமையாசிரியர்கள் பத்துப் பேரை அழைத்துக் கேட்டிருந்தால் ஒரு பிற்பகலில் விடை கிடைத்திருக்கும். 2009 ஜூலையில் அக்கொள்கை கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதில் பயின்ற பிள்ளைகள் இன்று முப்பதை எட்டுகின்றனர்.

அதன்பின்னும் பாடம் கற்கப்பட்டதா? 2011இல் ஏறத்தாழப் பத்தாயிரம் பள்ளிகளை அதிவேக இணையத்தால் இணைத்து, மெய்நிகர்க் கற்றல் தளம் ஒன்றை வழங்கும் ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் தொடங்கியது. பதினைந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 400 கோடி ரிங்கிட் என மதிப்பிடப்பட்ட திட்டம் அது. தேசியத் தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, அந்தக் கற்றல் தளத்தின் பயன்பாடு ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று காட்டியது. 2019இல் திட்டம் முடிவுக்கு வந்தது. இதனை 1997ஆம் ஆண்டு ஆலோசனைக் குழுவின் தலையில் ஏற்றுவது முறையன்று. ஆனால் பழக்கம் ஒன்றே: முதலில் கருவி, பிறகு பயிற்சி, கடைசியில், நேரமிருந்தால், அதனைப் பயன்படுத்த வேண்டியவரிடம் ஒரு கேள்வி.

வள்ளுவப் பேராசான் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தை வகுத்த கையோடு, அடுத்த அதிகாரமாகச் சிற்றினம் சேராமையை வைத்தார். அறிஞரை நாடு என்று சொன்னவர், எவரை நாடலாகாது என்பதையும் அருகிலேயே சொல்ல வேண்டிய தேவையைக் கண்டார் போலும். துணைக்கோடலில் அவர் வேண்டுவது அரசனை இடித்துரைக்கும் துணை. பொருள் வாங்க வந்த அரசனை, இதனை வாங்காதே என்று எந்த வணிகன் இடித்துரைப்பான்? பத்தாம் வகுப்பு மாணவனும் விடை சொல்லக்கூடிய இவ்வினா, நம் அமைச்சரவைகளில் ஏன் எழுவதில்லை?

வெளிநாட்டு அறிஞரே வேண்டாம் என்பதுதான் உன் வாதமா என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. அருகிலிருக்கும் சிங்கப்பூரைப் பாருங்கள். 1960இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் நெதர்லாந்துப் பொருளியலறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ். 1961இல் அறிக்கை தந்துவிட்டு அவர் கப்பலேறிவிடவில்லை. 1984 வரை அந்நாட்டின் பொருளியல் ஆலோசகராக மீண்டும் மீண்டும் வந்தார். தாம் சொன்னது பலித்ததா, பொய்த்ததா என்பதைத் தம் கண்ணாலேயே காண வேண்டிய நிலையில் இருந்தார். அவரிடம் கேள்வி கேட்டவர்களோ கோ கெங் சுவீ போன்றவர்கள்; தங்களுக்கு எது வேண்டும் என்பதைத் தாங்களே அறிந்தவர்கள். வேலையற்ற இளைஞர்களுக்கு வேலை வேண்டும் என்ற தேவை உள்ளூரில் பிறந்தது. அதற்கு வழி மட்டுமே வெளியிலிருந்து வந்தது.

அங்கே 1972இல் தேசியச் சம்பள மன்றம் அமைக்கப்பட்டபோது, அரசு, முதலாளிமார், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். 1979 முதல் மூன்றாண்டுகள் அந்த மன்றம் சம்பளத்தைப் பெரிதும் உயர்த்தப் பரிந்துரைத்தது. மலிவான உழைப்பை நம்பிய ஆலைகளை உயர் தொழில்நுட்பத்திற்குத் தள்ளுவதே நோக்கம். ஆனால் 1985இல் பொருளியல் சரிந்தபோது, உயர்ந்த சம்பளச் செலவும் அதற்கொரு காரணமாகச் சுட்டப்பட்டது. அதே மன்றம் அடுத்த ஆண்டு சம்பளக் கட்டுப்பாட்டைப் பரிந்துரைத்தது. ஆலோசனை பிழைத்ததும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிழைத்தபோது பதில் சொல்ல அதே மேசையில் அதே தரப்பினர் இருந்தனர் என்பதே நான் காட்ட விழைவது.

நம் பினாங்கும் இதற்கொரு சான்று. 1969இல் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, ராபர்ட் நாதன் என்னும் அமெரிக்க ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையைக் கையில் வைத்திருந்தார். ஏற்றுமதித் தொழிலை நாடுக என்றது அவ்வறிக்கை. ஆனால் அதனை நடைமுறையாக்கியது உள்ளூர் அதிகாரிகளைக் கொண்ட பினாங்கு வளர்ச்சிக் கழகம். 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் எழுந்து, இண்டெல் நிறுவனம் வந்து சேர்ந்தது. அங்கும் எல்லாம் நிறைவு என்பதற்கில்லை. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து உழைத்த இளம்பெண்களிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை. மின்னணுத் தொழிலாளர்க்கு 1988 வரை சங்கம் அமைக்கவே இசைவு தரப்படவில்லை. பிறகு தந்ததும் ஆலைக்குள் அடங்கிய சங்கத்திற்கே.

இன்னோர் எதிர்வாதமும் உண்டு. ஆசிரியருக்குத் தொழில்நுட்பம் என்ன தெரியும் என்பது அது. நேரில் சொல்லத் தயங்குவோரும் மனத்தில் வைத்திருக்கும் வாதம். இதற்கு விடையை நம் தமிழுலகமே வைத்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் அந்தக் குழு கூடிய அதே 1997ஆம் ஆண்டு மே மாதத்தில், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதன் பின்னணியில் நின்றவர்களுள் முதன்மையானவர் நா. கோவிந்தசாமி. அவர் யார்? சிறுகதை எழுத்தாளர்; ஆசிரியர்; ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர். கணியன் என்ற பெயரில் தமிழைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தவர். பேராசிரியர் டான் டின் வீ போன்ற அறிவியலாளர்கள் அவரோடு தோள் கொடுத்தனர்; எது வேண்டும் என்று தமிழாசிரியர் சொன்னார், எப்படி முடியும் என்று அறிவியலாளர் காட்டினார். 1999இல் அவர் மறைந்தது நமக்குப் பேரிழப்பு. நம் நாட்டில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். 2005இல் செல்லினத்தின் வழி கைப்பேசியிலும் தமிழை ஏற்றினார். இன்று தமிழாசிரியர் தேர்வுத்தாள் தட்டச்சு செய்வதும், மாணவர் புலனத்தில் தமிழில் செய்தி அனுப்புவதும் இத்தகையோர் உழைப்பின் பயன். எந்த அனைத்துலக ஆலோசனைக் குழுவின் அறிக்கையிலும் தமிழ் விசைப்பலகை ஒரு தேசிய இலக்காக இடம்பெற்றதாக நான் கண்டதில்லை. அது மொழியின் பசி அறிந்தவர் செய்த வேலை.

ஆனால் ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும். இத்தகையோரைக் காட்டி, நம்மவர் தாமே செய்துகொள்வர், அரசு எதற்கு என்று கைகழுவுவோரும் உண்டு. தனிமனிதர் தம் இரவுகளைச் செலவிட்டுச் செய்ததைக் காட்டி, வரிப்பணத்தில் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழிப்பது அறமாகாது.

பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. 2011 மே மாதத்தில், அன்றைய பிரதமர் தலைமையில் அனைத்துலக அறிவியல், புத்தாக்க ஆலோசனை மன்றம் என ஒன்று தொடங்கியது. முதற்கூட்டம் நியூயார்க்கில். ஸ்டான்ஃபோர்டிலிருந்து நியூயார்க்கிற்குப் பதினான்கு ஆண்டுகளில் அவை இடம் மாறியது. முதற்கூட்டம் நம் ஊர்ப்பக்கம் வரவில்லை. 2024 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட தேசியப் பகுதி மின்கடத்தி வியூகத் திட்டம், உயர்திறன் வாய்ந்த 60,000 பொறியியலாளரை உருவாக்குவதாகக் கூறுகிறது. அந்த அறுபதினாயிரவர் வானத்திலிருந்து குதிப்பவர்களா? அவர்களுள் வருங்காலத்தில் இடம்பெற வேண்டியவர் சிலர் இன்று நம் மூன்றாம் ஆண்டு வகுப்பில் பின்னத்தைப் புரிந்துகொள்ளாமல் விழித்துக்கொண்டிருக்கின்றனர். அந்தப் பின்னத்தைப் புரியவைக்கும் ஆசிரியை பொறியியல் கொள்கையின் முதற்படியில் நிற்பவர். கொள்கை வகுப்போர் அவரைக் கடைசிப் படியில் தேடுகின்றனர்.

2024 டிசம்பரில் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகம் தொடங்கப்பட்டது. இனி வகுப்பறைக்குள் நுழையப் போவது அந்தக் கருவி. இது முன்னைய கருவிகளைப் போன்றதன்று. மடிக்கணினி வாய் பேசாது. அலமாரியில் வைத்துப் பூட்டினால் பேசாமல் இருந்தது. இக்கருவியோ மாணவனோடு உரையாடும். கட்டுரை எழுதித் தரும். விடைத்தாள் திருத்தவும் முன்வரும். எந்த மொழியில் மிகுதியான நூல்களும் எழுத்துகளும் அதற்கு ஊட்டப்பட்டனவோ, அந்த மொழியில்தான் அது தெளிவாகப் பேசும். தமிழில் ஒற்று மிகுமிடமும் மிகாவிடமும் அதற்குத் தெரியுமா, நம் பாடநூலின் இலக்கண வழக்கை அது பின்பற்றுமா, தோட்டத்துப் பிள்ளையின் பேச்சுத்தமிழைக் கேட்டால் புரிந்துகொள்ளுமா என்று சோதிக்க வேண்டியவர் யார்? விற்பவர் சோதிக்கமாட்டார், அவருக்கு நம் சந்தை சிறிது. அமைச்சின் அதிகாரி சோதிக்க விரும்பினாலும் தமிழறிந்தவர் அங்கே சிலரே. வாங்குவதற்கு முன்பே, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கொண்ட குழு சோதிக்க வேண்டும். வாங்கிய பின் சோதித்தால் அதற்குப் பெயர் சோதனை அன்று, புலம்பல்.

ஆகவே நம் ஆசிரியர் சங்கங்களும், தலைமையாசிரியர் மன்றங்களும், எழுத்தாளர் சங்கமும் சேர்ந்து கேட்க வேண்டியவை உள. கல்வியைத் தொடும் எந்தத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவிலும் பணியிலுள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியர் அமர வேண்டும். அவருள் ஒருவர் தமிழ்ப்பள்ளியினராக இருத்தல் வேண்டும். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை மாலையிட்டு அமர்த்துவது போதாது. திங்கட்கிழமை காலை சபைகூடலுக்குப் பின் வகுப்பறைக்குப் போகிறவர் வேண்டும். ஒரு பொருளை விற்பவர், அப்பொருளை வாங்குவது பற்றிய கூட்டத்தில் சான்றுரைக்கலாம். முடிவெடுக்கும் மேசையில் அமரலாகாது. ஐந்தாண்டுக்கு முன் அக்குழு சொன்னதன் விளைவு என்ன என்பது ஒவ்வொரு கூட்டத்திலும் முதற்பொருளாக வேண்டும். கூட்டக் குறிப்புகள் அச்சாகிப் பள்ளிகளுக்கு வர வேண்டும். கூட்டம் நம் நாட்டில் நடக்க வேண்டும். முடியுமானால் ஒரு பள்ளி மண்டபத்தில், மின்விசிறி சுழலும் ஓசையோடு.

இதற்கான மகஜரை மலாயிலும் தமிழிலும் எழுதி, ஒவ்வொரு மாநிலத் தலைமையாசிரியர் மன்றமும் தன் அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்மொழியலாம். அதனுடன் இணைக்க வேண்டியது ஒரு பட்டியல்: 2003 முதல் தத்தம் பள்ளிக்கு வந்த கருவிகள் எவை, அவற்றுள் இன்று இயங்குவன எவை, தமிழில் பாடம் நடத்த உதவியவை எவை என்பது. பொருள் இருப்புப் பதிவேடு ஒவ்வொரு பள்ளி அலுவலகத்திலும் இருக்கிறது. எழுத்தரின் உதவியோடு ஒரு வாரத்தில் முடியக்கூடிய வேலை அது.